நாலு டபுள் போகி, ஒரு பச்சைக் கோட்டு

(2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதேதான். கிரிக்கெட் ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.)

எத்தன தடவ அடிச்சாங்கன்னுதானே எண்ணுறாங்க, அப்புறம் ஸ்கோர்ல மைனஸ் 11ன்னு ஏன் போடறாங்க? – வாசகர், ஈரோடு

ஒவ்வொரு குழிக்கும் இத்தன அடியில பந்து உள்ள போயிடணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதான் பார். மாஸ்டர்ஸ் நடக்கற ஆகஸ்டா நேஷனல் கிளப்ல 18 குழிக்கும் சேர்த்து பார் 72, நாலு நாளைக்கு 288. ஜெயிச்ச ரோரி மெக்கில்ராய் 277 அடிச்சார், 11 கம்மி, அதான் மைனஸ் 11. ஒரு குழியில ஒண்ணு கம்மியா முடிச்சா பேர்டி, ரெண்டு கம்மியானா ஈகிள், ஒண்ணு ஜாஸ்தியானா போகி, ரெண்டு ஜாஸ்தியானா டபுள் போகி. இதத் தெரிஞ்சுக்கிட்டா போதும், அடுத்த பதில் புரியும்.

கடைசி நாள் ரோரிதான் முன்னாடி இருந்தாராமே, அப்புறம் ஏன் பிளேஆஃப் வரைக்கும் போச்சு? தூங்கிட்டேன் சார், கதைய சொல்லுங்க. – வாசகர், திருச்சி

தூங்கினது தப்பே இல்ல, முடியறப்போ நம்ம ஊர்ல திங்கக்கிழமை விடியக்காலை. ஆனா நல்ல ஆட்டத்த விட்டுட்டீங்க.

ஏப்ரல் 13, ஞாயிறு. ரோரி மைனஸ் 12, கூட ஆடுன பிரைசன் டிஷாம்போ மைனஸ் 10. முதல் குழியிலயே ரோரி டபுள் போகி, ரெண்டு ஷாட் லீட் அங்கயே காலி, ரெண்டாவது குழி முடிஞ்சப்போ பிரைசன் ஒரு ஷாட் முன்னாடி. சரி இந்த வருஷமும் அவ்ளோதான்னு நெனச்சா 3லயும் 4லயும் ரோரி பேர்டி, அதே ரெண்டு குழியிலயும் பிரைசன் போகி, தராசு அப்படியே திரும்பிடுச்சு. 9, 10லயும் பேர்டி போட்டு மைனஸ் 14க்கு வந்துட்டார், இனிமே நடந்து முடிச்சா போதும்ங்கற நிலைமை.

11ல ஒரு போகி, பரவால்ல. 13ல தான் கூத்து. அது பார் 5, மூணாவது ஷாட்ட வெட்ஜ்ங்கற மட்டையால சின்னதா தூக்கிப் போடணும், எண்பது கெஜத்துக்கு கொஞ்சம் மேல, வலது பக்கம் ஓடை, இடது பக்கம் கிரீன்ல (குழிய சுத்தி இருக்கற வழவழப்பான புல்தரை) எக்கச்சக்க இடம். இவர் நேரா ஓடைக்குள்ள போட்டார்! டபுள் போகி. அடுத்த குழியில இன்னொரு போகி. நாலே குழியில மைனஸ் 14, மைனஸ் 10 ஆயிடுச்சு. அந்த நேரத்துல அவருக்கு முன்னாடி ஆடிட்டு இருந்த ஜஸ்டின் ரோஸ், காலையில ஏழு ஷாட் பின்னாடி இருந்த மனுஷன், ஒரே ரவுண்டுல பத்து பேர்டி போட்டு 66 அடிச்சு மைனஸ் 11ல முடிச்சுட்டுப் போனார்.

ஆனா 15ல ரோரி அடிச்ச ஷாட் இருக்கே, மரத்த சுத்தி 7 அயர்ன் மட்டையால வளைச்சு ஆறடி பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தினார். என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட ஷாட் அதுதான். (அந்த ஆறடி பட்ட, அதாவது கிரீன்ல பந்த உருட்டி விடற அடிய, மிஸ் பண்ணார், ஈகிள் போச்சு, பேர்டியோட சரி. ரோரின்னா அப்படித்தான்.) 17ல இன்னொரு பேர்டி. 18ல பார் போட்டா ஜெயிச்சாச்சு, அஞ்சடி பட், மிஸ்! ரோரியும் ரோஸும் மைனஸ் 11, சமம்.

சமமானா யார் ஜெயிச்சதுன்னு முடிவு பண்ண கூடுதலா ஆடறதுதான் பிளேஆஃப், அதுக்கு மறுபடி 18வது குழி. ரோரியோட கேடி (மட்டைப் பைய தூக்கிட்டு கூட வர்றவர்) ஹாரி டைமண்ட், சின்ன வயசு ஃப்ரெண்டு, வார ஆரம்பத்துல திங்கக்கிழமை காலையில வந்தப்போ இப்படி ஒரு பிளேஆஃப் கிடைக்கும்னு சொல்லியிருந்தா நாம சரின்னு வாங்கிட்டிருப்போம்லன்னு சொன்னாராம். அதுக்கப்புறம் ரோரி வெட்ஜ் ஷாட்ட மூணு நாலு அடி கிட்ட நிறுத்தினார், ரோஸ் பேர்டி பட் உள்ள போகல, இவர் போட்டார், அப்படியே முட்டி போட்டு அழுதுட்டார். அந்த வாரத்துல மொத்தம் நாலு டபுள் போகி, முதல் நாளே ரெண்டு. நாலு டபுள் போட்டு மாஸ்டர்ஸ் ஜெயிச்ச ஆள் அதுக்கு முன்னாடி யாருமே கிடையாது.

ஒரு கப்புக்கா இவ்ளோ அழுகை? – வாசகி, சென்னை

அவருக்கு அது 11 வருஷ பாக்கி மேடம். கோல்ஃப்ல மேஜர்னு சொல்ற பெரிய போட்டி நாலு: மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன், பிரிட்டிஷ் ஓபன், பிஜிஏ. 2011 யுஎஸ் ஓபன், 2012 பிஜிஏ, 2014ல பிரிட்டிஷ் ஓபனும் பிஜிஏவும்னு நாலு மேஜர் கப் அடிச்சப்போ வயசு 25. அதோட நின்னுடுச்சு. மாஸ்டர்ஸ் மட்டும் சிக்கவே இல்ல, 2011ல கடைசி நாள் நாலு ஷாட் லீடோட இறங்கி 80 அடிச்சு மானம் போச்சு. 2024 யுஎஸ் ஓபன்ல கடைசியில குட்டி குட்டி பட்ட விட்டு பிரைசன்கிட்ட ஒரே ஷாட்ல தோத்தார். இப்போ அந்த நாலு போட்டியயும் ஜெயிச்ச ஆறாவது ஆள்: சாரசன், ஹோகன், பிளேயர், நிக்லாஸ், டைகர் வுட்ஸ், இவர். அதுக்கு முன்னாடி 25 வருஷமா அந்த லிஸ்ட்ல புது பேரே சேரல. அழட்டும் விடுங்க.

பாவம் ரோஸ். நாலு நாள் சமமா ஆடிட்டு ஒரே குழியில முடிவு பண்றது நியாயமா? – வாசகர், கோவை

எனக்கும் பிடிக்கல. யுஎஸ் ஓபன்ல ரெண்டு குழி ஆட விட்டு கூட்டிப் பார்க்கறாங்க, பிஜிஏலயும் பிரிட்டிஷ் ஓபன்லயும் மூணு குழி. மாஸ்டர்ஸ்ல மட்டும்தான் ஆரம்பத்துலயே சடன் டெத், ஒரு குழியில யார் கம்மியா அடிக்கிறாரோ அவர் ஜெயிச்சார், முதல் குழியிலயே கதை முடிஞ்சிடலாம். ரோஸ் 2017லயும் இங்க செர்ஜியோ கார்சியாகிட்ட பிளேஆஃப்ல இதே மாதிரி தோத்தவர், அப்பவும் ஒரே குழிதான். மாஸ்டர்ஸ்ல ரெண்டு தடவ பிளேஆஃப்ல தோத்தவங்க ஹோகனும் இவரும்தான். அவர்கிட்ட 2013 யுஎஸ் ஓபனும் 2016 ஒலிம்பிக் தங்கமும் இருக்கு, சும்மா ஆள் இல்ல. ஆனா அந்த கிளப் தன் வழக்கத்த லேசுல மாத்தாது, 2012 வரைக்கும் பொம்பளைங்களயே மெம்பரா சேர்க்காதவங்க அவங்க.

பச்சைக் கோட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? பணமும் உண்டா? – வாசகர், சேலம்

மாஸ்டர்ஸ் ஜெயிச்சவருக்குப் போட்டு விடற அந்தக் கோட்ட ஒரு வருஷம் வச்சுக்கலாம், அப்புறம் கிளப்புலயே விட்டுடணும், அங்க போறப்போ போட்டுக்கலாம். முந்தின வருஷம் ஜெயிச்சவர்தான் மாட்டி விடுவார், ரோரிக்கு ஸ்காட்டி ஷெஃப்லர். பணம் 42 லட்சம் டாலர், நம்ம காசுல சுமார் 36 கோடி.

நம்மாளுங்க யாராவது மேஜர் ஜெயிச்சிருக்காங்களா? – வாசகர், மதுரை

இன்னும் இல்ல. மாஸ்டர்ஸ்ல முதல்ல ஆடுன இந்தியர் ஜீவ் மில்கா சிங், 2007ல. ஓட்டக்காரர் மில்கா சிங்கோட மகன்தான். மேஜர்ல இந்தியரோட பெஸ்ட்டுன்னா 2015 பிஜிஏல அனிர்பன் லாஹிரி அஞ்சாவது இடம். இப்போ அமெரிக்காவுல சாஹித் தீகலா, அக்ஷய் பாட்டியான்னு பேர் பார்ப்பீங்க, அவங்க இந்திய வம்சாவளி, ஆனா அமெரிக்கர்கள். தீகலா 2023 மாஸ்டர்ஸ்ல ஒன்பதாவது இடத்துல முடிச்சார், 16வது குழியில கிரீனுக்கு வெளியில இருந்து அடிச்ச பந்து உள்ள போச்சே, அந்த வீடியோவ தேடிப் பாருங்க.