போருக்குள் (உள்துளைக்குள்) பக்கவாட்டில் துளை போட முடியுமா?

120 மி.மீ. போர் உள்ள வால்வு பாடியில், உள்ளிருந்து சுவரில் துளை போட விஎம்சியில் (நிமிர்ந்த ஸ்பிண்டில் உள்ள கணினி மில்லிங் மெஷினில்) வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. திருவொற்றியூரில் எங்கள் பட்டறையில் இதற்கு ரைட் ஆங்கிள் ஹெட்தான். அதனுள் இருக்கும் பெவல் கியர், ஸ்பிண்டில், அதாவது மெஷினின் சுழலும் தண்டு, தரும் சுழற்சியை 90 டிகிரி திருப்பிவிடும்.

முதலில் இடத்தைக் கணக்குப் போடுங்கள். ஹெட்டின் முதுகிலிருந்து ட்ரில்லைப் பிடிக்கும் காலெட் நட் வரை 75, ட்ரில் நீட்டல் 25 என்றால் மிச்சம் 20 மி.மீ.தான். குட்டையான ஸ்டப் ட்ரில்தான் நுழையும்.

ஹெட்டின் பக்கத்துப் பின், ஸ்பிண்டில் முகப்பில் பொருத்திய ஸ்டாப் பிளாக்கில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் ஹெட்டே சேர்ந்து சுழன்றுவிடும். கை, ஜாப் (வேலை செய்யும் பொருள்), மெஷின் எல்லாவற்றுக்கும் ஆபத்து. அப்புறம் ஹெட்டின் முகத்தில் டயல் கேஜ் ஓட்டி நேர் பாருங்கள்.

சில ஹெட்டில் சுழலும் திசை தலைகீழாகும். எங்களிடம் ஒருமுறை எம்03 (ஸ்பிண்டிலை வலமாகச் சுற்றும் கட்டளை) கொடுத்ததும் ட்ரில் வெட்டாமல் உரசி, முனை நீலமாகிவிட்டது. அதில் இடமாகச் சுற்றும் எம்04 கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் ஜாப்பைத் தொடுமுன் மெதுவாகச் சுற்றவிட்டுத் திசை பார்த்துவிடுகிறோம்.

ஃபீடை (ட்ரில் முன்னேறும் வேகத்தை) குறைத்தே வையுங்கள், அந்தச் சின்ன கியர் அதிக பாரம் தாங்காது. சிப்ஸை ஏர் அடித்து வெளியேற்றுங்கள்.