மூன்று வக்கீல்களில் யாரிடம் போவது?

கேள்வி: கணவரும் நானும் பிரிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். இருவரும் என்னோடு இருக்கிறார்கள். விவாகரத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கும் கணவர், பிள்ளைகளையும் கேட்கிறார். எனக்கு மூன்று வக்கீல்களைச் சொன்னார்கள். ஒருவர் என் சித்தப்பா மகன். வீடு வாங்கியபோது எங்கள் இருவருக்குமாகப் பத்திரம் பார்த்துக் கொடுத்தவர், பணம் வாங்க மாட்டார். இரண்டாமவர் பெரிய பெயர் எடுத்தவர். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "பிள்ளைகள் உங்களுக்குத்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மூன்றாமவர் ஒரு பெண்மணி. மகனைக் காய்ச்சலோடு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போன நாளைப் பற்றிக்கூடத் துருவிக் கேட்டு அழவைத்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ, "வக்கீலே வேண்டாம், பிள்ளைகளோடு கிளம்பி வா" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (இது நானும் கணவரும் பொதுவாக வைத்திருந்த மின்னஞ்சல். பதிலை இதழிலேயே எழுதுங்கள்.)

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

அழவைத்தவரிடமே இன்னொரு முறை போய் வாருங்கள். காரணத்துக்கு வருகிறேன்; முதலில் அண்ணன்.

அவர் பாசத்தில் சொல்கிறார். ஆனால் உங்களுக்குக் கிடைத்த யோசனைகளில் ஆபத்தானது அதுதான். குழந்தைகளை இன்னொரு நாட்டுக்குக் கடத்துவது குறித்து 1980-இல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, பெற்றோரில் ஒருவர் மற்றவரின் உரிமையை மீறி 16 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கொண்டுபோனால், ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்தாலே, சில விதிவிலக்குகள் தவிர, குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். உடன்படிக்கையில் சேராத நாடு என்றாலும் நிம்மதி கிடையாது. "தகப்பனிடம் சொல்லாமல் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்" என்று உங்கள்மேல் விழுந்த முத்திரை எந்த நீதிமன்றத்துக்கும் கூடவே வரும். இந்த யோசனைக்குத் தலையாட்டும் வக்கீல் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தப்பா மகன் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் சேர்த்து வேலை பார்த்தவர், அந்த வீடும் தகராறில் வரக்கூடிய வழக்கில் ஒருவர் பக்கம் நின்று இன்னொருவரை எதிர்ப்பது தொழில் நெறிக்கு ஒவ்வாதது. உங்கள் கணவரின் வக்கீல் முதல் நாளே அதைக் கிளப்பலாம். இன்னொன்றும் உண்டு. பணம் வாங்காத உறவினரிடம் "போன வாய்தாவுக்கு ஏன் வரவில்லை?" என்று உங்களால் கேட்க முடியுமா? சித்தியின் காதுக்குப் போய்விடுமோ என்று பயந்துகொண்டே உள்ளதைச் சொல்லத்தான் முடியுமா?

பெரிய பெயர் எடுத்தவரைப் பற்றி எனக்கு ஒரே சந்தேகம்தான். பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்ல இவருக்கு எப்படி முடிந்தது? யாருக்கு நியாயம் அதிகம் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பங்கு போடுவதில்லை. குழந்தையின் நலன் எது என்றுதான் பார்க்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 3-வது பிரிவில் அதைச் சொல்கிறது. குழந்தைக்குக் கேடு இல்லாதவரை தாய், தகப்பன் இருவரோடும் தொடர்பு வைத்திருக்கும் உரிமை அதற்கு உண்டு என்று 9-வது பிரிவு சொல்கிறது. உங்கள் கணவர் எப்படிப்பட்ட தகப்பன் என்று இவர் ஒரு வார்த்தையாவது கேட்டாரா? அவரிடமே போவதாக இருந்தால், நீதிமன்றத்தில் நிற்பது அவரா, அவருடைய ஜூனியரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்கும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசினால் வேண்டாம். விவாகரத்து வழக்குகளில் அதைப் பல நாடுகளின் தொழில் விதிகள் தடுக்கின்றன.

இப்போது மூன்றாமவர். அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கத்தான் போகிறது. அன்று கூட்டமான நீதிமன்றத்தில் திணறுவதைவிட, கதவு சாத்திய அறையில் இன்று அழுதது எவ்வளவோ மேல்.

நான் வழக்காடிய காலத்தில் ஒரு கட்சிக்காரர், கோபத்தில் கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். "பிள்ளையை இனி நீ கண்ணால்கூடப் பார்க்க முடியாது" என்று ஒரே ஒரு வரி. அதற்குச் சற்று முன்புதான், "தகப்பன் வந்து பார்ப்பதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை" என்று கூண்டில் சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கைப்பேசிப் பிரதியை நிதானமாக எடுத்து வாசித்தார். கோபத்தில் எழுதியதை நீதிபதி மன்னித்திருப்பார். மறைத்தது தெரிந்தபின், அந்தப் பெண் சொன்ன உண்மைகளையும் அவர் நம்பவில்லை. அப்படி ஏதாவது அனுப்பினீர்களா என்று முதல் சந்திப்பிலேயே நான் துருவிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆகவே இரண்டாம் சந்திப்புக்குப் போகும்போது, நடந்தவற்றைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனது, பல் வைத்தியரிடம் யார் கூட்டிக்கொண்டு போனது போன்றவைகூட அதில் இருக்கட்டும். உங்களுக்குப் பாதகமானவற்றையும் எழுதுங்கள். அவர் அதை முழுக்கப் படிக்கிறாரா என்று பாருங்கள். "என் வழக்கில் பலவீனம் எது?" என்று கேளுங்கள். வழக்கு முடியும்வரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், தகப்பன் எப்போது பார்ப்பார் என்பதற்கு இடைக்கால உத்தரவு வாங்குவது பற்றியும் கேளுங்கள். எட்டு மாதங்களாக உங்களோடு நிலைபெற்றிருக்கும் பிள்ளைகளின் அன்றாடத்தைக் கலைக்க நீதிமன்றங்கள் எளிதில் விரும்புவதில்லை. அந்த அனுகூலத்தை, தகப்பன் வரும்போது கதவைச் சாத்திக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அடி, மிரட்டல் என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. அப்படி இருந்தால் கதை வேறு. பாதுகாப்பு உத்தரவுதான் முதல் வேலை, சமரசப் பேச்செல்லாம் பிறகு.

உங்கள் கணவரைப் பற்றி அந்த வக்கீல் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். மகனுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை அவருடன் பேசித்தான் ஆக வேண்டும். வக்கீல் அனுப்பப்போகும் பதில் நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வசைக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள். "மகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஒன்பது வயதுக் குழந்தையின் கருத்தை நீதிபதி நேரில் கேட்கக்கூடும்; மனப்பாடம் செய்த வரி அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தனியாகவே போங்கள். வக்கீலிடம் நீங்கள் சொல்வதற்குச் சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சில இடங்களில் போய்விடும்.

அந்தப் பொது மின்னஞ்சலிலிருந்து இனி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். எனக்கு எழுதியதை உங்கள் கணவர் இதற்குள் படித்திருக்கலாம். உங்களுக்கென்று புதிதாக ஒன்று தொடங்கி, அதை மட்டும் வக்கீலிடம் கொடுங்கள். பழையதில் இருக்கும் எதையும் அழிக்க வேண்டாம், அவருக்கு வரும் கடிதங்களைத் திறக்கவும் வேண்டாம். அதை என்ன செய்வது என்று அந்தப் பெண்மணியிடமே கேளுங்கள்.