‘என்ன புறம்போக்கு?’ என்று கேளுங்கள்

கேள்வி: திருவொற்றியூர்ல கால்வாய்க்குக் கொஞ்ச தூரத்துல எங்க வீடு. மாமனார் 1984-ல வெள்ளைப் பேப்பர்ல எழுதி வாங்கினது. வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் கட்டுறோம். போன வாரம் ‘அரசு புறம்போக்கை ஆக்கிரமித்துள்ளீர்கள்’னு கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. தெருமுனைக் கூட்டத்துல ஒரு கட்சிக்காரர் மைக்குல, “புறம்போக்குல குந்திக்கினு நம்மகிட்டயே சட்டம் பேசுதுங்க”ன்னார். எட்டாவது படிக்கிற பையன், “நாம பொறம்போக்காம்மா?”ன்னு கேக்கறான். அந்த ஆள் மேல கேஸ் போடலாமா? வீடு நிலைக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரி, பையனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். புறம்போக்கு என்பது நிலத்தின் பெயர். வரிக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இது மரியாதையான இடம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊருக்கு ஊர் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரிசையாக வரும். நத்தம் என்றால் ஊரார் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம். எல்லோருக்கும் பொதுவானது, யாரும் தனியாக உழுது விளைவிக்காதது, அதனால் வரி கிடையாது. வெள்ளைக்காரன் தீர்வை போட வந்தபோதும் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். வரி வராத நிலம் உதவாத நிலம் என்ற எண்ணம் ஊறிய பிறகுதான் அது மனிதர்களைத் திட்டும் சொல்லானது. குளத்தையும் மேய்ச்சல் வெளியையும் குறித்த ஒரு சொல் வடசென்னைப் பிள்ளையின் முகத்தில் வசவாக விழுவது எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம்.

கேஸ் விஷயம். பாரதிய நியாய சன்ஹிதாவில் வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்குத் தூண்டுவது 352-வது பிரிவு, அவதூறு 356. ஆனால் அவர் யார் பெயரையும் சொல்லவில்லை, பொதுவாகப் பேசியிருக்கிறார். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், அது வேறு கதை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் கேஸ் நிற்பது கடினம். உங்கள் காசும் தெம்பும் அந்த நோட்டீஸுக்கு வேண்டும்.

நோட்டீஸ் பெரும்பாலும் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-வது பிரிவில் வந்திருக்கும். விளக்கம் கேட்காமல் 6-வது பிரிவில் வெளியேற்ற முடியாது. பதில் கொடுக்காமல் விடுவதுதான் நம் ஜனங்கள் செய்யும் பெரிய தவறு. நோட்டீஸில் குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். தாசில்தார் உத்தரவு எதிராக வந்தால் மேல்முறையீடு உண்டு.

பதிலில் முதல் கேள்வியே, ‘என்ன புறம்போக்கு?’ என்பதாக இருக்கட்டும். வெறும் புறம்போக்கு என்று எந்த நிலமும் இல்லை. நத்தம், மேய்க்கால், வண்டிப்பாதை, வாய்க்கால், ஏரி, சுடுகாடு என்று முன்னால் ஒரு சொல் இருக்கும். உங்கள் வீட்டின் கதி அந்த முன்சொல்லில் இருக்கிறது. கிராம நத்தம் என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம் அரசுக்குச் சொந்தமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கால்வாய், ஓடை என்றிருந்தால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்: நீர்நிலையில் பட்டா கிடைக்காது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் குளத்து ஆக்கிரமிப்பை வரன்முறை செய்யவே மறுத்தது. அப்போது மாற்று வீட்டுக்காகத்தான் நாம் போராட வேண்டும், அதுவும் நீங்கள் வேலைக்கும் பையன் பள்ளிக்கும் போகக்கூடிய தூரத்தில். இரண்டும் இல்லாமல் ஆட்சேபணையற்ற புறம்போக்கு, அதாவது பட்டா கொடுக்க அரசுக்குத் தடை இல்லாத நிலம் என்றால் வழி இருக்கிறது. சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’வில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பட்டா தர 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. மற்ற நகரங்களையும் சேர்த்து 86,000 பேருக்கு என்றார்கள். மனு போடுங்கள்.

‘30 வருஷம் ஆச்சுன்னா நமக்கே சொந்தம்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். அரசு நிலத்துக்கு 30 வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் குடியிருந்தது மட்டும் போதாது. இது எங்களுடையது என்று வெளிப்படையாக உரிமை கொண்டாடி இருந்ததை நிரூபிக்க வேண்டும். இங்கேதான் பி மெமோ, அதாவது அரசு நிலத்தில் குடியிருப்பதற்காக வருவாய்த் துறை அபராதம் போட்டுக் கொடுக்கும் சீட்டு, இடிக்கும். பீரோவில் பாருங்கள். மாமனார் காலத்து மஞ்சள் பூத்த ரசீது, அபராதத் தொகை, கீழே ஒரு கையெழுத்து. பலர் அதைப் பட்டா மாதிரி பத்திரப்படுத்துகிறார்கள். அது எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டதற்கும் அதுவே சாட்சி. வக்கீலிடம் காட்டாமல் அதை யாரிடமும் நீட்டாதீர்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். இலவச சட்ட உதவி பெற பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். இன்றைக்கே நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். பதில் வர 30 நாள் ஆகும் என்பதால் நோட்டீஸ் பதிலில் அந்த மனுவையும் குறிப்பிட்டு அவகாசம் கேளுங்கள். நகல் வந்ததும் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே உள்ள வகைப்பாட்டைப் பையனையே படிக்கச் சொல்லி, அதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.