எந்தக் கண்டத்து ஓவியம் உயர்ந்தது?

கேள்வி: புது வீட்டுக் கூடத்தில் மாட்ட ஓர் ஓவியம் வாங்க 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். தஞ்சாவூர்ப் படமா, ஐரோப்பிய பாணி எண்ணெய் வண்ண ஓவியமா, ஜப்பானிய மர அச்சுப் படமா என்று குழப்பமாக இருக்கிறது. 'ஐரோப்பியர்களுக்குத்தான் வரையத் தெரியும். நம் படங்கள் தட்டையானவை' என்கிறார் என் மைத்துனர். எந்தக் கண்டத்து ஓவியம் உயர்ந்தது? எது விலை ஏறும்?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: தட்டை என்கிறாரே, அது சரி. அதைக் குறை என்கிறாரே, அங்கேதான் உங்கள் மைத்துனர் நெல் அளக்கிற மரக்காலை எடுத்துக்கொண்டு துணி அளக்கக் கிளம்பிவிட்டார்.

தஞ்சாவூர்ப் படம் கூடத்துக்காகப் பிறந்ததே அல்ல, பூஜையறைக்காகப் பிறந்தது. இருட்டு அறை, ஓர் எண்ணெய் விளக்கு. வெண்ணெய்ச் சட்டியோடு நடுவில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிற கிருஷ்ணனுக்குப் பின்னால் தூரத்து மலையும் மங்கிய வானமும் எதற்கு? கும்பிட வந்தவரை அவன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுண்ணப் பசையால் மேடாக்கிய நகைகளின்மீது தங்கரேக்கு ஒட்டியிருப்பார்கள். சுடர் ஆடினால் ரேக்கும் சேர்ந்து ஆடும். ஷோரூம் டியூப்லைட்டில் அது தெரியாது. வெறும் பளபளப்புதான் தெரியும்.

ஐரோப்பியர் தேடியது வேறு. யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்பினி தம்பதி படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தக் கண்ணாடிக்குள் தம்பதியின் முதுகு தெரிகிறது, வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும் என்பதால் மெல்லிய பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றி இதைச் சாதித்தார்கள். அவர்கள் படம் சுவருக்குள் போகிறது. நம் கிருஷ்ணன் சுவரைவிட்டு நம்மை நோக்கி வருகிறான்.

இன்னொன்றையும் மைத்துனர் காதில் போட்டு வையுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தமது கடைசிக் காலத்தில் முகலாயச் சிற்றோவியங்களை முன்னால் வைத்துக்கொண்டு வரிவரியாக நகல் எடுத்தவர். அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. இன்னொரு டச்சு ஓவியர் வான் கோ 1887-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகல் செய்தார். சரி, ஜப்பான்தான் உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1831 வாக்கில் வந்த, ஜப்பானியரான ஹொகுசாயின் 'பேரலை' அச்சுப் படத்தில் நம்மைச் சொக்க வைக்கும் அந்த நீலம், பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம். வரைந்தவர்களே கண்டம் பார்க்கவில்லை. வாங்குகிற நாம் பார்க்கிறோம்.

நீங்கள் வாங்கப்போவது கண்டத்தை அல்ல, ஒரு கடையில் ஒரு படத்தை. நானும் ஏமாந்தவன்தான் என்பதால் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் 'அசல் தங்கம்' என்று வாங்கிய ராமர் பட்டாபிஷேகம் எங்கள் வீட்டில் ஆறாவது வருஷமே கறுக்கத் தொடங்கியது. முதலில் கிரீடம், பிறகு சிம்மாசனம். தங்கரேக்கு கறுக்காது, கறுத்தது தங்கமில்லை. ஆகவே ரேக்கின் தரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தைத் திருப்பிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். பலாப் பலகை என்று விலை சொல்லி ப்ளைவுட்டைத் தலையில் கட்டுவது உண்டு.

'ஐரோப்பிய' எண்ணெய் ஓவியம் என்றால் இன்னும் உஷார். சீனாவின் ஷென்செனில் டாஃபென் என்றொரு பகுதி இருக்கிறது. வான் கோவின் சூரியகாந்திகள் அங்கே வடை சுடுவதுபோல் தயாராகி உலகமெங்கும் போகின்றன. ஐரோப்பா என்று வாங்கி ஆசியாவை மாட்டியிருப்பீர்கள்! எண்ணெய் வண்ணம்தான் வேண்டுமென்றால் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் சென்னையை ஒட்டித் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். நகலுக்குக் கொடுக்கிற காசை உயிரோடிருக்கும் ஓவியருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமே நாலு கேள்வி கேட்கலாம்.

ஜப்பானிய அச்சில் 'ஒரே அசல்' என்ற பேச்சே கிடையாது. பேரலையே ஆயிரக்கணக்கில் அச்சானதுதான். ஹொகுசாய் காலத்து அச்சா, பிற்பாடு புதிதாகச் செதுக்கிய கட்டையில் எடுத்ததா, இயந்திர அச்சா என்றுதான் கேட்க வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி போதும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திரம். மர அச்சாக இருந்தால் பெரும்பாலும் காகிதத்தின் பின்பக்கமும் சாயம் ஊறியிருக்கும்.

விலை ஏறுமா? ஏறினால்தான் வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போங்கள். 'நூற்றைம்பது வருஷத்துப் படம்' என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய ஓவியம் தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கு வெயில் விழுகிற சுவர் என்றால் ஜப்பானை மறந்துவிடுங்கள், சாயம் வெளுத்துவிடும். வெயில் படாத சுவராக இருந்து தஞ்சாவூர்ப் படமே வாங்கினீர்களானால், ஒருநாள் மைத்துனரை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். கூடத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, படத்தடியில் ஓர் அகலை ஏற்றி வையுங்கள்.