யார் வரி, யாருக்கு வைத்தியம்?

அன்புள்ள ஐயா,

'எல்லாருக்கும் அரசு செலவில் மருத்துவம் வேண்டும்' என்று தங்கச்சிமடம் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். நான் மாதச் சம்பளக்காரன். வருமான வரி பிடித்தது போக, குடும்பத்துக்குத் தனியாக ஹெல்த் இன்சூரன்ஸும் கட்டுகிறேன். அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் போவதே இல்லை. வரியே கட்டாதவர்களுக்கு என் பணத்தில் ஏன் வைத்தியம்? ஏழைகளுக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அது போதாதா?

கே., ராமநாதபுரம்

அன்புள்ள கே.,

வரியே கட்டாதவர் என்று இந்தக் கரையில் ஒருவர்கூட இல்லை. செல்போன் ரீசார்ஜுக்கு நீங்கள் கட்டும் அதே 18 சதவீத ஜிஎஸ்டியைத்தான் பாம்பனில் கடல்பாசி எடுக்கும் பெண்ணும் கட்டுகிறார். வலைக்கு வரி, பைக் பெட்ரோலுக்கு வரி. அவர் வருமானத்துக்கு அது உங்களைவிடப் பெரிய பாரம். ஆக, அரசு ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைப்பது தானம் இல்லை, முன்கூட்டியே காசு கட்டிய வைத்தியம்.

உங்கள் வருமான வரியோடு சுகாதாரம், கல்விக்கு என்று அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிக்கிறார்கள், கவனித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிகளைப் பெரும்பாலும் நடத்துவது மாநிலங்கள். ஆனால் மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வரித்தொகுப்பில் செஸ் சேராது. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இது.

அட்டைக்கு வருகிறேன். சின்னப்பாலத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்கு முங்குபவர். பாறை கிழித்த கால் ஆறவே இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, அப்புறம் களிம்பு, அப்புறம் தனியார் கிளினிக். கடைசியில் ரத்தம் பார்த்தபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது. முதல்வர் காப்பீட்டு அட்டை வீட்டில் பத்திரமாக இருந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பது பெரிய தொகைதான், நல்ல திட்டம்தான். ஆனால் அது பட்டியலில் உள்ள பெரிய சிகிச்சைகளுக்கு. தினசரி மாத்திரை, பஸ் காசு, வேலை போன நாள் எதற்கும் அது உதவாது. அவர் வீட்டுக்காரர் நண்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். வாங்கினால் நண்டை அவரிடமேதான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. மனைவி காலில் வந்த புண் கணவர் பிடிக்கும் நண்டின் விலையைக் குறைத்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மருத்துவச் செலவில் 39 சதவீதத்துக்கு மேல் மக்கள் கையிலிருந்து நேராகப் போகிறது. அரசுகள் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொல்லியிருந்தது. காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்று, ஜோசப் போர் (Bhore) தலைமையில் ஆங்கிலேயர் ஆட்சியில் அமைத்த சுகாதாரக் குழு சொன்னது 1946-ல்.

சரி, ஏழைகளுக்கு மட்டும் நன்றாகச் செய்தால் என்ன? கோடு எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே சம்பாதிக்கும் விசைப்படகு டிரைவர் ஒரு நெஞ்சுவலியில் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். இன்னொன்று, இல்லாதப்பட்டவர்கள் மட்டும் போகும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் பழுதானால் கலெக்டருக்கு மனு எழுத ஆள் இருக்காது. நீங்களும் அதே வரிசையில் நின்றால் எழுதுவீர்கள். உங்கள் பிரீமியமும் வயது ஏற ஏறக் கூடும், வருமானம் நிற்கும் வயதில்தான் அதிகம் கேட்பார்கள். வரியில் நடக்கும் ஆஸ்பத்திரி வயதைப் பார்த்துக் காசு கேட்காது.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கை அரசு ஆஸ்பத்திரிகளில் 1951-லேயே கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பணக்கார நாடு இல்லை, ஆனாலும் அங்கே சராசரி ஆயுள் நம்மைவிடப் பல ஆண்டுகள் கூடுதல். அந்த நாடுதான் 2019 கடைசியில் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. அரசு வருவாய் சரிந்தது. கொரோனா, கடன், டாலர் பஞ்சம் எல்லாம் சேர்ந்து 2022-ல் ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கே தட்டுப்பாடு. அப்போது அங்கிருந்து படகேறி வந்தவர்களை மண்டபம் அகதிகள் முகாமில் நாமே பார்த்தோம்.

உங்கள் இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இன்றைய நிலையில் அது தேவை. ஆனால் பிரஷர், சர்க்கரை பார்க்க அடுத்த முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் எழுத்தில் புகார் கொடுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.