மயில், தேரை, வான்கோழி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகல், கிறித்தவம் சொல்லும் ஏழு பெரும்பாவங்களை வரைந்த ‘ஏழு பாவங்கள்’ அச்சுப்படங்களில் எங்கு பார்த்தாலும் பேய்க்கூட்டம். எந்தப் படம் எந்தப் பாவம் என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: பேய்களை முதலில் மறந்துவிடுங்கள். நடுவில் ஒரு பெண் இருப்பாள், அவள்தான் அந்தப் பாவத்தின் உருவம். அடுத்து, அவள் பக்கத்து விலங்கு. மயில் என்றால் செருக்கு, கையில் கண்ணாடியும் இருக்கும். தேரை பேராசை, கரடி சினம், பன்றி பெருந்தீனி, கழுதை சோம்பல், சேவல் காமம். முருகனின் வாகனமும் கொடியும் இங்கே பாவக் கணக்கில் சேர்ந்துவிட்டன!

பலர் தடுமாறுவது பொறாமையில். பெண்ணருகே நிற்பது வான்கோழி. ஆனால் எலும்புக்காகச் சண்டையிடும் நாய்களும் உண்டு. அவள் வாயருகே பாருங்கள், தன் இதயத்தையே தின்கிறாள். நாம் வயிற்றெரிச்சல் என்போம், ஐரோப்பியர்களுக்கு அது நெஞ்சில். இன்னும் சந்தேகமென்றால் படத்திலேயே லத்தீனில் பெயர் உண்டு. ‘யூ’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ எழுத்து இருக்கும், குழம்ப வேண்டாம்.

கேள்வி: மூல ஓவியமும் அச்சும் இடவலம் மாறியிருப்பது ஏன்?

பதில்: புரூகல் பேனாவால் வரைந்து கொடுத்ததைச் செப்புத் தகட்டில் உளியால் கீறியவர் பீட்டர் வான் டெர் ஹெய்டன். 1558இல் இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்டவர் ஹீரோனிமஸ் காக். கீறலில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் தாள் பள்ளத்து மையை உறிஞ்சும். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். அச்சில் வலக்கையில் வாள் வேண்டுமானால் ஓவியத்தில் இடக்கையில் வரைய வேண்டும்.

கேள்வி: பழைய கடையில் ஒரு பிரதி கிடைத்தது. அசலா?

பதில்: பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் ஆஃப்செட் (இக்கால இயந்திர அச்சு) நகல், அத்தோடு விட்டுவிடலாம். அசலில் உளிக்கோடு மெலிந்து தொடங்கித் தடித்து மீண்டும் மெலியும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளத்தை மட்டும் நம்பாதீர்கள்: 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்பட முறையில் தகடு செய்து எடுத்த நகலிலும் அது விழும், ஓரம் வெட்டிய அசலில் அது இருக்காது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கைத்தாளில் இணைகோடுகள் தெரியும். நிழல்கள் வெளிறியிருந்தால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பல பிரதிகள் எடுத்தால் செம்பு தேயும், மென்கோடுகள்தான் முதலில் அழியும். அது பிற்காலப் பிரதியாக இருக்கலாம். விலை மட்டும் குறையும்.