டொராண்டோவில் ஹோஸ்டா செடிகளுக்கு நடுவே, நிழலில் என்ன பூச்செடி நடலாம்?

முதலில் இம்பேஷன்ஸ். நம்மூர் காசித்தும்பையின் இனம்தான். ஆனால் சாதாரண வகையை வாங்காதீர்கள். 2012 வாக்கில் வட அமெரிக்கா முழுக்கப் பரவிய அடிச்சாம்பல் நோய் இன்னும் இருக்கிறது. இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை படரும், இலையும் பூவும் கொட்டி வெறும் தண்டுதான் மிஞ்சும். மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது, பிடுங்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். பீக்கன், இமாரா எக்ஸ்டிஆர் என்ற ரகங்களும் நியூ கினி இம்பேஷன்ஸும் இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

நீல ஹோஸ்டாவுக்குப் பக்கத்தில் வெள்ளை அல்லது வெளிர் ரோஜா நிறம் எடுப்பாக இருக்கும். மஞ்சள் இலை ஹோஸ்டாவுக்கு ஊதா டொரீனியாப் பூ அருமை. அடர்நிழல் என்றால் பூவை நம்பாமல் கோலியஸ் வையுங்கள். நிறத்துக்கு அதன் இலையே போதும்.

மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகு, இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது நடுங்கள். இடைவெளி 20 முதல் 25 செ.மீ.

பலரும் தவறுவது இடத்தில். மே மாதத்தில் ஹோஸ்டா சின்னதாகத் தெரியும். ஜூனில் இலை விரிந்ததும் பக்கத்துச் செடி மூடிப்போகும். 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' போன்ற பெரிய ரகம் ஒன்றரை மீட்டர் அகலம்கூடப் படரும். அந்த முழு அகலத்துக்கு வெளியே நடுங்கள். ஹோஸ்டாவின் வேரும் அறுபடாது.

மேப்பிள் மரத்தடி என்றால் மண்ணைக் கிளறவே வேண்டாம். மேலாகப் படர்ந்த மரவேர்கள் தண்ணீரை உறிஞ்சிவிடும். அங்கே தொட்டிதான் சரி. தண்ணீரைக் காலையில், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். மாலையில் நனைத்தால் ஓடில்லா நத்தைகள் இரவெல்லாம் ஹோஸ்டா இலையைச் சல்லடையாக்கும்.